போர்வைக்குப் போட்ட இதயம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அண்ணி நலம், மெஷின் நலம். சட்டைகள் மட்டும் நலமாக இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையின் முழங்கால் வலியை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இது மன்னிப்புக் கடிதம் அல்ல. தொழில் சம்பந்தமாக எனக்கு ஒரு சிறிய சந்தேகம் வந்திருக்கிறது, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கான கடிதம். போனில் கேட்டிருக்கலாம். போனில் கேட்டால் நீ "ம்" என்பாய். நான்கு மாதமாக நான் எதைச் சொன்னாலும் "ம்" என்கிறாய். அண்ணிக்குக் காய்ச்சல் என்றேன், "ம்" என்றாய். காய்ச்சல் விட்டுவிட்டது என்றேன், அதற்கும் அதே "ம்". ஒரு "ம்"முக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, ஆகையால் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் நிறுத்தி நீ "ம்" போட முடியாது.

சந்தேகம் இதுதான்: மெல்லிசான விளையாட்டுச் சட்டையில் எம்பிராய்டரி போடும்போது துணி சுருங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

இதை மட்டும் கேட்டு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் அண்ணி பக்கத்தில் நின்றுகொண்டு, "நடந்ததைச் சொல்லாம சந்தேகத்தை மட்டும் எழுதினா அவ என்னன்னு பதில் சொல்லுவா? டாக்டர்கிட்ட போய் 'வலிக்குது'ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து வருவீங்களா?" என்கிறாள். ஆகவே நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். 'சுருக்கம்' என்ற வார்த்தையே இப்போது எனக்குப் பிடிப்பதில்லை, ஆனாலும் வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு நம் கடைக்கு ஒரு பிசியோதெரபி அம்மா வந்தார். இதய ஆபரேஷன் முடிந்தவர்களை ஒன்றுசேர்த்துத் தினமும் காலையில் நடக்கக் கூட்டிப்போகிறவர். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஐந்து கிலோமீட்டர் நடக்கப்போகிறார்கள். அதில் பாதிப் பேர் போன வருஷம் கட்டிலைவிட்டு இறங்கி பாத்ரூம் போகவே ஆள் தேவைப்பட்டவர்கள் என்றார். முப்பத்தெட்டு வெளிர்நீலச் சட்டைகளை மேஜைமேல் வைத்தார். வியர்வை உடனே காய்கிற அந்தத் துணி உனக்குத் தெரியும், கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது. இடது நெஞ்சில் ஒரு சிவப்பு இதயம், அதற்குக் கீழே நடக்கிற மாதிரி இரண்டு ஷூ. அவ்வளவுதான் லோகோ. "முடியுமா?" என்று கேட்டார். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். அவர் வாய் மூடுவதற்குள் "முடியும்" என்றுவிட்டேன்.

இந்த இடத்தில் என் பக்கத்து நியாயத்தையும் நீ கேட்கணும். இருபத்தாறு வருஷமா நான் போட்டதெல்லாம் காக்கிச் சட்டை, கான்வாஸ் பை, குளியல் துண்டு, தொப்பி. இதுக்கெல்லாம் ஒரே சட்டம்தான். ஃபிரேமோட ரெண்டு வளையத்துக்கும் நடுவுல துணியை மாட்டு, நாலு பக்கமும் இழு, ஸ்க்ரூவை முறுக்கு, விரலால தட்டு. 'டொம்'னு சத்தம் வரணும். சத்தம் வரலைன்னா துணி லூசு, துணி லூசுன்னா தையல் கோணல். அந்த 'டொம்' காதுல விழாம நான் ஒரு நாளும் மெஷினை ஸ்டார்ட் பண்ணினதில்ல. கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் தட்டிக் காட்டியிருக்கேன். கல்யாணம் ஆன புதுசுல உன் அண்ணியை முதல் தடவை கடைக்குக் கூட்டிட்டு வந்தப்போ அதைத்தான் காட்டினேன். அன்னைக்கே யோசிச்சிருக்கணும்னு அவ இப்போ சொல்றா.

டிசைனுக்காக உன் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நாலு மாசம் முன்னாடி நீ கடையை விட்டுப் போனதுக்கு அப்புறம் அதை யாரும் தொடல. பாஸ்வேர்டு 'அண்ணன்சொன்னாசரி', அதையும் நீ மாத்தல. எந்த மனசோட நீ அதை வச்சியோன்னு இருபது நிமிஷம் யோசிச்சேன், அப்புறம் வேலையைப் பார்த்தேன். உள்ளே ஒரு இதயம் இருந்துச்சு. போன வருஷம் ஆஸ்பத்திரிப் போர்வைக்கு நீ போட்டது. அதுக்கு நீ வச்ச பேரு 'இதயம் போர்வைக்கு மட்டும்'. நான் பார்க்கலைன்னு சொல்லமாட்டேன். பார்த்தேன். இதயம் எங்கே இருந்தாலும் இதயம்தானே, போர்வையில இருந்தா என்ன, சட்டையில இருந்தா என்னன்னு எடுத்துட்டேன். பன்னிரண்டாயிரம் தையல், கெட்டியா, உள்ளங்கையால தடவினா செருப்பு மாதிரி இருக்கும். ஷூ ரெண்டையும் நானே மவுஸைப் பிடிச்சு வரைஞ்சேன். அதுல ஒண்ணு கொஞ்சம் வாத்து மாதிரி வந்துச்சு, பரவாயில்லைன்னு விட்டுட்டேன்.

முதல் சட்டையை மாட்டினேன். இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்துச்சு அந்தத் துணி, காக்கி மாதிரி முரண்டு பிடிக்கல. என்ன நல்ல துணி, சொன்ன பேச்சைக் கேக்குதேன்னு சந்தோஷமா இன்னும் ரெண்டு இழு இழுத்தேன். தட்டினேன். 'டொம்'னு கோயில் மணி மாதிரி ஒரு சத்தம், தங்கச்சி, என் தொழில்லயே அப்படி ஒரு சத்தம் கேட்டதில்ல. மெஷின் ஓடுச்சு. இதயம் வந்துச்சு. சிவப்பு, வழவழன்னு, ஒரு குறை சொல்ல முடியாது. உன் அண்ணியைக் கூப்பிட்டு, "பாரு, இதுக்குப் போயி என் தங்கச்சி கோவிச்சுக்கிட்டுப் போனாளே"ன்னு சொன்னேன். ஆமா, சொன்னேன், எழுதிட்டா மறைக்க வேண்டியதில்ல. சொல்லிட்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி ஃபிரேமை எடுத்தேன். எங்க ரெண்டு பேர் கண்ணு முன்னாடியே அந்தத் துணி தன் பழைய அளவுக்குத் திரும்பிப் போக ஆரம்பிச்சுச்சு. துணி திரும்பிடுச்சு, தையல் திரும்ப முடியல, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இதயம் சுத்திலும் சுருக்குப் பை மாதிரி இழுத்துக்கிச்சு. கீழே இருந்த ஷூ ரெண்டும் மெதுவாத் திரும்பி ஒண்ணையொண்ணு பார்த்து நின்னுச்சு. அண்ணி குனிஞ்சு அதை உத்துப் பார்த்தா. அப்புறம், "இதைப் போட்டு நடந்தா ஷூ ரெண்டும் ஒண்ணையொண்ணு இடிச்சுக்கும்"னு சொன்னா.

பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிறவன் உன் அண்ணன், உனக்குத் தெரியாததா? சுருங்கிடுச்சுன்னா என்ன அர்த்தம், சரியா இழுக்கல. அதனால ரெண்டாவது சட்டையை ஒரு பக்கம் நான் பிடிச்சேன், மறுபக்கம் அண்ணியைப் பிடிக்கச் சொன்னேன், நனைஞ்ச போர்வையைப் பிழியிற மாதிரி ரெண்டு பேரும் நின்னு இழுத்தோம், ஸ்க்ரூடிரைவர் போட்டு முறுக்கினேன். முன்னதைவிடப் பெரிய சத்தம், முன்னதைவிடப் பெரிய சுருக்கம். போதாக்குறைக்கு ஃபிரேமோட வளையத் தடம் நெஞ்சில வட்டமாப் பதிஞ்சுபோச்சு, தண்ணி தெளிச்சாலும் போகல. முதல் சட்டையையாவது காப்பாத்துவோம்னு இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். தொப்பிக்கு வைக்கிற சூடுதான் வச்சேன். இதயத்துக்குப் பக்கத்துல ஒரே ஒரு தடவை வச்சேன். பெட்டியைத் தூக்கினா துணியும் கூடவே வருது. பக்கத்துக் கடை மூக்குக்கண்ணாடிக்காரர் ஓடி வந்து, "ஏதோ பிளாஸ்டிக் எரியுதே"ன்னாரு. "எதுவும் எரியலை, வேலை நடக்குது"ன்னு அனுப்பி வச்சேன்.

மூணாவதுக்கு மூளையைப் பயன்படுத்தினேன். துணி மெல்லிசு, அதான் தாங்கலை, அடியில கெட்டியா ஏதாவது கொடுப்போம்னு தொப்பிக்கு வைக்கிற அட்டைப் பேப்பரை மூணு மடிப்பா வச்சுத் தைச்சேன். பார்க்கக் கொஞ்சம் பரவாயில்ல. அண்ணியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டுக்கிட்டு நிமிர்ந்தே நின்னா. "ஏன் விறைச்சுக்கிட்டு நிக்கிறே?"ன்னேன். "நெஞ்சுல வீட்டு நம்பர் பலகை மாட்டின மாதிரி இருக்கு, குனிஞ்சா குத்துது"ன்னா. சரி, பேப்பரைக் கிழிச்சு எடுப்போம்னு இழுத்தேன். பேப்பரோட சேர்ந்து தையலும் இழுபட்டு, இதயம் ஒரு பக்கமா வாயைக் கோணிக்கிச்சு.

நாலாவது சட்டையைப் பத்தி எழுத எனக்கு விருப்பமில்ல. ஆனா எழுதலைன்னா உன் அண்ணி போன் பண்ணிச் சொல்லிடுவா, அவ சொல்றதைவிட நான் சொன்னா கொஞ்சம் மரியாதையா இருக்கும். வழக்கம் போல சுருங்குச்சு. சுருக்கத்துக்கு மேலேயே இன்னொரு தடவை இதயத்தைத் தைச்சா சுருக்கம் உள்ளே மறைஞ்சிடும்னு எனக்குத் தோணுச்சு. எப்படித் தோணுச்சுன்னு கேக்காதே. பன்னிரண்டாயிரத்துக்கு மேல இன்னொரு பன்னிரண்டாயிரம். தொப்பிக்கு மாட்டியிருந்த அதே கூர் ஊசி. அந்த ஊசி இதயத்தோட ஓரத்தைச் சுத்தி ஓட்டை ஓட்டையாப் போட்டுக்கிட்டே வந்திருக்கு, தபால்தலை ஓரத்துல இருக்குமே அது மாதிரி. முடிஞ்சு சட்டையை எடுத்தேன். சட்டை கையில வந்துச்சு, இதயம் மெஷின்லயே இருந்துச்சு. நெஞ்சில இதய வடிவத்துல ஒரு சன்னல். அதுக்குக் கீழே வாத்தும் ஷூவும். உன் அண்ணி அந்த இதயத்தை ரெண்டு விரலால எடுத்து மேஜைமேல வச்சுட்டு, "இதுக்கு அவங்க டாக்டரைத்தான் கூப்பிடணும்"னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா. போனவ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வரல.

நேத்து பிசியோ அம்மா மாதிரிச் சட்டையைப் பார்க்க வந்தாங்க. கூடவே நடக்கிற குழுவிலிருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க, முப்பது வருஷம் லாரி ஓட்டினவராம், பைபாஸ் ஆகி எட்டு மாசம். நாலுல எது கொஞ்சம் மனுஷன் பார்க்கிற மாதிரி இருக்கோ அதைக் காட்டணும்னு மூணாவதை எடுத்து நீட்டினேன். நீட்டிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "இது புது ஸ்டைல், இப்படிக் கொஞ்சம் சுருங்கி இருந்தாத்தான் நிஜ இதயம் மாதிரி இருக்கும்"னு சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், நேத்து மறைச்சே பார்த்தேன். லாரிக்காரர் அந்தச் சட்டையை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சு நிதானமாப் பார்த்தாரு. "சரிதான், என் ஸ்கேன்லயும் இதே மாதிரிதான் தெரிஞ்சுச்சு"ன்னாரு. கிண்டல் பண்ணல, நிஜமாவே சொன்னாரு. சொல்லும்போது அவர் கை தன்னால நெஞ்சுக்குப் போச்சு. தங்கச்சி, அப்போதான் எனக்கு உறைச்சுது. நான் நாலு நாளாத் துணியை மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். இதை யார் நெஞ்சில மாட்டிக்கப்போறாங்கன்னு ஒரு தடவைகூட நினைக்கல.

பிசியோ அம்மா கோபப்படல. கோபப்பட்டிருந்தா நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன், சமாளிச்சிருக்கலாம். அவங்க மெதுவா, "உங்க தங்கச்சி இல்லையா? போர்வைக்குப் போட்டாங்களே, அவங்க இருப்பாங்கன்னு நினைச்சுத்தான் நான் இங்கே வந்தேன்"னாங்க. "லீவு"ன்னேன். லாரிக்காரர், "எத்தனை நாள் லீவு?"ன்னு கேட்டாரு. எனக்கு உடனே பொய் சொல்ல வரல. "நாலு மாசம்"னு உண்மை வந்துடுச்சு. அவர் உன் நாற்காலியைப் பார்த்தாரு, அதுமேல மடிச்சு வச்சிருந்த உன் ஸ்வெட்டரைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. "ஆபரேஷனுக்கு முன்னாடி நானும் ரொம்பக் கோபக்காரன்"னு மட்டும் சொன்னாரு. வீணாப்போன நாலுக்குப் பதிலா நாலு சட்டை வரவழைக்கிறதா பிசியோ அம்மா சொல்லிட்டாங்க. மிச்சம் முப்பத்துநாலு சட்டை உன் மேஜைமேல இருக்கு, தொடப் பயமா இருக்கு.

அவங்க போனதும் உன் அண்ணி வந்து, "அவ டப்பாவைத் திறந்து பாருங்க"ன்னா. எந்த டப்பான்னு உனக்குத் தெரியும், உன் பிஸ்கட் டப்பா. நீ போன மறுநாளிலிருந்து அது மெஷின் மேஜையோட குட்டைக் காலுக்குக் கீழேதான் இருக்கு. ஆட்டம் நிக்கணும்னு நான்தான் வச்சேன். சரியான உயரம். உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கத் தோணல, பார்த்தா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடும்னு ஒரு எண்ணம். வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சேன்னு சொல்லக்கூட முடியாது, நான் வெண்ணெயை மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். மேஜையை அண்ணி தூக்கிப் பிடிக்க, நான் குனிஞ்சு எடுத்தேன்.

உள்ளே துண்டுத் துணிகள். ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்ன இதயமோ நட்சத்திரமோ தைச்சு, பக்கத்துல ஒரு சீட்டுக் குத்தி வச்சிருக்கே. 'துணிக்கு அடியில் வைக்கிற வலைப் பேப்பரை மட்டும் ஃபிரேமில் மாட்டு. லேசா பசை ஸ்ப்ரே அடி. சட்டையை அதுமேல் படுக்க வை, இழுக்காதே.' 'முனை உருண்ட மெல்லிசு ஊசி. கூர் ஊசி இழையை அறுக்கும்.' 'வேகம் பாதி போதும். நடுவில் ஆரம்பித்து வெளியே வா.' 'பின்பேப்பரைக் கிழிக்காதே, கத்தரியால் வெட்டு.' இன்னொண்ணுல, 'துணி எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் தையல் போடணும்.' அதை மட்டும் ரெண்டு தடவை படிச்சேன். சுருங்கிப்போன துண்டுகளும் இருந்துச்சு. சிலதுல 'இது என் தப்பு, அவசரம்'னு எழுதியிருக்கே. நிறையதுல 'டமார முறை'ன்னு எழுதியிருக்கே. டமாரம் யாருன்னு அண்ணிகிட்ட கேட்டேன். அவ மேஜையைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. இத்தனை வருஷமா எனக்கு இப்படி ஒரு பேர் இருக்கிறது எனக்கு மட்டும்தான் தெரியலை போல.

எல்லாத்துக்கும் அடியில ரெண்டு துண்டை ஒரே ஊசியால சேர்த்துக் குத்தி வச்சிருந்தே. ஒண்ணு என் முறையில, சுருங்கினது. இன்னொண்ணு உன் முறையில, தண்ணி மாதிரி சமமா. தேதி பார்த்தேன். நாம சண்டை போட்ட அதே நாள், காலையில போட்டது. சீட்டுல எழுதியிருந்தது: 'சாயங்காலம் டீ குடிக்கும்போது அண்ணனுக்குக் காட்டணும். யாரும் இல்லாதப்போ.'

இதுக்கு மேல எப்படி எழுதுறதுன்னு தெரியல. இதுவரைக்கும் எழுதினதெல்லாம் ஒரு மூச்சுல வந்துடுச்சு, இந்த இடத்துல நிக்குது. அன்னைக்கு மத்தியானம் தொப்பிக்காரர் கடையில உட்கார்ந்திருந்தாரு, நூறு தொப்பிக்கு வந்தவரு. நீ ஒரு மெல்லிசுச் சட்டையை இழுக்காம மாட்டி வச்சிருந்தே. நான் அதைப் பிடுங்கி அவர் முன்னாடி தட்டிக் காட்டினேன், சத்தம் வரல. "இதுதான் மாட்டின லட்சணமா? கொடியில காயப்போட்ட மாதிரி தொங்குது"ன்னேன். நீ, "அண்ணா, இந்தத் துணியை இழுத்தா திரும்பிப் போகும், அப்புறம் சொல்றேன்"ன்னே. "அப்புறம் என்ன சொல்றது, இருபத்தாறு வருஷம் ஊசியைப் பிடிச்சவனுக்கு, மவுஸைப் பிடிச்சவ சொல்லித் தரப்போறாளா?"ன்னேன். அவரும் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். நீ கத்தரியை அதோட உறையில போட்டு வச்சுட்டு, கண்ணாடிக் கூட்டை எடுத்துட்டுப் போயிட்டே. அந்த "அப்புறம்"ங்கிறது சாயங்கால டீன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுன்னு சொல்லி நாலு மாசம் ஓட்டிட்டேன். கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நீ எனக்கு யார் முன்னாடியும் தலைகுனிவு வரக்கூடாதுன்னு சாயங்காலம் வரைக்கும் காத்திருந்திருக்கே. நான் உன்னை ஒரு தொப்பிக்காரர் சிரிக்கிறதுக்காகக் குனிய வச்சேன். அதுக்கு நான் ரொம்ப வருத்தப்படுறேன். இருபத்தாறு வருஷத்துல எந்தச் சட்டையைக் கெடுத்ததுக்கும் இவ்வளவு வருத்தப்பட்டதில்ல.

ஆக, மேலே எழுதின சந்தேகம் உண்மையில் சந்தேகம் அல்ல. பதில் உன் டப்பாவிலேயே இருக்கிறது. ஆனால் படித்தாலும் என்னால் செய்ய முடியவில்லை. காலையில் ஒரு பழைய துணியை வைத்துப் பார்த்தேன், இழுக்காமல் வைக்க வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டே கை இழுக்கிறது. தவிர, அந்தப் போர்வை இதயத்தை இந்தத் துணி தாங்காது, லேசான இதயம் வேண்டும், அதைப் போட உன்னால்தான் முடியும். முப்பத்தெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். எனக்காக இல்லாவிட்டாலும் அவர்களுக்காக, கடைக்கு நீ வர வேண்டும். உன்னால்தான் இந்த வேலை நடக்கும், நீ இல்லாமல் நடக்காது என்பதை இதன்மூலம் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை நீ பத்திரமாக வைத்துக்கொண்டு பிற்காலத்தில் எனக்கு எதிராகப் பயன்படுத்தலாம்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல், உடம்புக்கு ஒன்றும் வராமல், குறிப்பாக நெஞ்சுக்கு ஒன்றும் வராமல், நீண்ட நாள் நடமாடி இருக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன். உன் அண்ணி உனக்கு அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள், வேறு சிலவற்றையும் தெரிவிக்கச் சொன்னாள், அவை என்னைப் பற்றியவை என்பதால் எழுதவில்லை.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அண்ணன்
(டமாரம்)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி, தபால்தலையும் ஒட்டியாகிவிட்டது. இதை எழுத உறையைப் பிரிக்க வேண்டியதாயிற்று, அதனால்தான் கிழிந்திருக்கிறது. விஷயம் என்னவென்றால், மேலே நான் எழுதியதில் உன்னை வேலைக்கு வரச் சொன்ன பகுதியை முழுதாக ரத்து செய்கிறேன். மத்தியானம் உன் கம்ப்யூட்டரை மறுபடி திறந்தேன். 'இதயம் போர்வைக்கு மட்டும்' இருக்கிற இடத்திலேயே, அடுத்த வரியில், 'இதயம் சட்டைக்கு' என்று ஒன்று இருக்கிறது. அன்னைக்கே கண்ணை ஒரு விரற்கடை கீழே இறக்கியிருந்தால் போதும். நாலாயிரத்துச் சொச்சம் தையல்தான். வலைப் பேப்பரை மட்டும் மாட்டினேன், ஸ்ப்ரே அடிச்சேன், சட்டையை அதுமேல படுக்க வைக்கச் சொல்லி அண்ணிகிட்ட கொடுத்துட்டு என் ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டேன். உருண்ட ஊசி, பாதி வேகம். தட்டிப் பார்க்கல. ஓடி முடிஞ்சு எடுத்தேன். சுருங்கல, தங்கச்சி. இதயம் சமமாப் படுத்திருக்கு, ஷூ ரெண்டும் முன்னாடி பார்த்து நிக்குது, வாத்து மட்டும் இன்னும் வாத்துதான். சாயங்காலத்துக்குள்ள ஆறு சட்டை முடிஞ்சுது, ஆறும் அப்படியே. அந்தக் கோணவாய்ச் சட்டையை லாரிக்காரர் ஆள் விட்டுக் கேட்டு வாங்கிக்கிட்டாரு, அதைப் போட்டுத்தான் நடப்பாராம்.

ஆகையால் வேலைக்கு நீ தேவையில்லை. உன் முறையே போதும், அது இங்கேயே இருக்கு. முதல் சட்டை நல்லா வந்தப்போ அதைத் தூக்கிக்கிட்டு நேரா உன் நாற்காலிக்குத்தான் போனேன். அங்கே ஸ்வெட்டர்தான் இருந்துச்சு. அதுகிட்ட காட்டிட்டு வந்தேன். இது நல்லாயில்ல.

அதனால வேலைக்கு வர வேண்டாம், சும்மா வா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ. தொப்பிக்காரரையும் வரச் சொல்லியிருக்கேன். அவர் முன்னாடி சொன்னதை அவர் முன்னாடியே திரும்ப வாங்கிக்கணும், மூக்குக்கண்ணாடிக்காரரும் வர்றேன்னுட்டாரு. வியாழக்கிழமை போன் பண்ணி வர்றியான்னு கேக்குறேன். நீ நிறையப் பேச வேண்டாம். "ம்"னு சொல்லு, போதும்.